ஜப்பானிய வீட்டில் தங்கி மேல்நிலைப் பள்ளியில் படிக்கப் போகிறீர்களா? ஆவணம் முதல் குளியல் தொட்டி வரை

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வானதும் கையில் ஒரு தடித்த கையேடு வரும். அதில் விதிகள் எல்லாம் இருக்கும். ஆனால் பரிமாற்ற மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்களில்தான். அடுத்தபடியாக, கடைசித் தேதி உள்ள இரண்டு மூன்று அரசு வேலைகளில். இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் முதல் மாதம் அழுகையில் கழியாது.

பெற்றோரும் இதைக் கூடவே உட்கார்ந்து படிப்பது நல்லது. 2, 3, 10 ஆகிய பகுதிகளில் வேலை பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

1. கிளம்பும் மாதம்

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். நிறைய பள்ளிகளில் மூன்று பருவங்கள்: ஏப்ரல் முதல் ஜூலை வரை, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, ஜனவரி முதல் மார்ச் வரை. பரிமாற்ற மாணவர்களை மார்ச் கடைசியிலோ ஆகஸ்ட் வாக்கிலோதான் சேர்ப்பார்கள். மாணவர் பரிமாற்றம் நடத்தும் ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி, ஒய்.எஃப்.யூ. போன்ற அமைப்புகளும், ஜப்பான் கல்வி அமைச்சின் நிதியில் 2018-இல் தொடங்கிய ஆசியா காகெஹாஷி திட்டமும் இந்தக் கணக்கில்தான் ஆள் எடுக்கின்றன.

மார்ச்சில் கிளம்பும் திட்டம் நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோடு மோதும். ஆகஸ்டில் கிளம்பினால் பதினொன்றாம் வகுப்பின் பெரும்பகுதி போய்விடும். திரும்பி வந்ததும் பன்னிரண்டில் உட்கார்த்துவார்களா, பதினொன்றை மறுபடி படிக்கச் சொல்வார்களா என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், ஒரு வருடத்தில் தலைமையாசிரியரே மாறிப்போகலாம். சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால் பதினொன்றாம் வகுப்புப் பதிவையும் சேர்த்தே கேளுங்கள். என் கருத்தில், ஒரு வருடம் பின்தங்கினாலும் பரவாயில்லை என்று குடும்பம் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டால் மாணவர் நிம்மதியாக இருப்பார்.

2. ஆவணங்கள்

முதலில் பாஸ்போர்ட். சிறுவர்களுக்கான பாஸ்போர்ட் பெரும்பாலும் 5 ஆண்டுக்கோ 18 வயது வரைக்கோதான் செல்லும். அங்கே இருக்கும்போது காலாவதி ஆகுமானால் இங்கேயே புதுப்பித்துவிடுங்கள்.

அடுத்தது தகுதிச் சான்றிதழ். ஜப்பானியப் பள்ளியோ திட்ட அமைப்போ அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கி அனுப்பும் தாள் இது. இப்போது மின்னஞ்சலிலும் வருகிறது. தேதியிட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் ஜப்பானில் இறங்கிவிட வேண்டும். இதோடு மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகம்; விண்ணப்பம் வி.எஃப்.எஸ். மையம் வழியாகப் போகும். பாஸ்போர்ட், விண்ணப்பம், பள்ளி ஆவணம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். இன்ஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதுவது நம் ஆட்களுக்கு வழக்கமாக வரும் வில்லங்கம்.

உடல்நலப் படிவத்தில் தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசித் தேதிகளைக் கேட்பார்கள். குழந்தைப் பருவ அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். காசநோய்க்குத் தோல் பரிசோதனை கேட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: பி.சி.ஜி. போட்டவர்களுக்கு அது நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டலாம். மருத்துவரிடம் சொல்லி மார்பு எக்ஸ்ரே எடுத்து இணைத்துவிட்டால் கேள்வி வராது.

3. பெட்டி

மின்சாரம் 100 வோல்ட். இரண்டு தட்டைக் கம்பி பிளக். போன், லேப்டாப் சார்ஜர்களில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும். பிளக் மாற்றி மட்டும் போதும். இங்கே வாங்கிய ஹேர் டிரையர், மிக்சி அங்கே உருப்படியாக ஓடாது.

மாத்திரைகளில் கவனம் தேவை. மருத்துவர் எழுதிக் கொடுத்தவை 1 மாத அளவு, கடையில் நேரடியாக வாங்கியவை 2 மாத அளவு வரை அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் இறக்குமதி உறுதிச் சான்று கிளம்புமுன்பே வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரை தடை செய்யப்பட்டது. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் தவிர்த்துவிடுங்கள். ஆம்ஃபெட்டமின் வகை மருந்து எதுவும், மருத்துவர் சீட்டு இருந்தாலும், உள்ளே போகக் கூடாது.

இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். சிக்கன் ஊறுகாயும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், பச்சை மிளகாய் விமான நிலையத்திலேயே போய்விடும். கடையில் பாக்கெட்டாக வாங்கிய மசாலாப் பொடி, காபித்தூள், கடலை மிட்டாய் போதும்.

பரிசுப் பொருள் சின்னதாக, தனித்தனியாகச் சுற்றியதாக இருக்கட்டும். நிறைய பேருக்குக் கொடுக்க வேண்டி வரும்: வீடு, தாத்தா பாட்டி, வகுப்பாசிரியர், பக்கத்து வீடு.

4. இறங்கிய முதல் 14 நாள்

நரிடா, ஹனேடா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே குடியிருப்பு அட்டை கையில் தருவார்கள். 16 வயது நிரம்பியவர்கள் இதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். விளையாடப் போனாலும் சரி. இல்லாமல் பிடிபட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. 15 வயதில் போகிறவர்களுக்கு ஒரு பொறி: அந்த அட்டை 16-ஆவது பிறந்தநாள் வரைக்கும்தான். பிறந்தநாள் அங்கே வருமானால், அதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் குடிவரவு அலுவலகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். உங்களை வீட்டில் தங்க வைக்கும் ஹோஸ்ட் குடும்பத்து அப்பாவோ அம்மாவோ கூட வருவார்கள். அவர்கள் வேலையிலிருந்து விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் முதல் வாரமே நாளைக் கேட்டு வையுங்கள். பாஸ்போர்ட்டும் அட்டையும் போதும். அட்டையின் பின்புறம் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள்.

அதே நாளில் தேசிய மருத்துவக் காப்பீட்டையும் முடித்துவிடலாம். 3 மாதத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு இது கட்டாயம். திட்ட அமைப்பின் காப்பீடு தனியாக இருந்தாலும் சேர வேண்டும். மருத்துவமனைச் செலவில் 30 சதவீதம் நாம் கட்டினால் போதும். 18 வயது வரையான பிள்ளைகளின் அந்தப் பங்கையும் பல நகராட்சிகள் குறைக்கின்றன அல்லது ஏற்றுக்கொள்கின்றன. யாரும் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள், கவுன்டரில் கேளுங்கள். 2024 டிசம்பர் முதல் பழைய காப்பீட்டு அட்டை புதிதாகத் தரப்படுவதில்லை. அதற்குப் பதில் வரும் தகுதி உறுதித் தாளைத் தொலைக்காமல் வையுங்கள்.

5. வாசலும் அறையும்

வாசல் உள்பக்கத்தில் தாழ்வான தரை இருக்கும், அது கென்கான். காலணியை அங்கே கழற்றி, காலைத் தாழ்ந்த தரையில் வைக்காமல் நேராக மேலே ஏறுங்கள். பிறகு குனிந்து காலணியின் மூக்கு கதவைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். கூடத்தில் செருப்பு உண்டு. தாதாமி பாய் விரித்த அறையில் செருப்பே கூடாது. கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அதோடு கூடத்துக்கு வந்துவிடுவது எல்லாப் புதியவர்களும் செய்யும் தவறு.

கழிப்பறையில் சொம்பு இருக்காது. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் இருக்கை பெரும்பாலான வீடுகளில் இருக்கும். எந்தப் பொத்தான் எதற்கு என்று முதல் நாளே கேளுங்கள். காகிதத்தைக் கழிப்பறையிலேயே போட்டு நீர் விடலாம். சானிட்டரி நாப்கினைச் சுருட்டி மூலையில் உள்ள சிறு டப்பாவில் போடுங்கள்.

தரையில் ஃபுட்டோன் மெத்தையில் படுத்தால் காலையில் மடித்து அலமாரியில் வைத்துவிட வேண்டும். விரித்தபடியே விட்டால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், பாயும் பாழாகும்.

துணி தினமும் எல்லோருடையதும் ஒன்றாகத் துவைக்கப்படும். நம் ஊர்ப் பருத்தி சுடிதாரும் குர்த்தாவும் சாயம் விடும். வெள்ளைச் சட்டைகளோடு ஒரே ஒரு முறை சேர்ந்தால் போதும், வீடு முழுக்க இளஞ்சிவப்புதான். முதல் மூன்று துவைப்பை இங்கேயே முடித்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

குப்பைக்கு நாள் உண்டு, நேரம் உண்டு. நகராட்சி அட்டவணை சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும். பெட் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, அலசிப் போட வேண்டும்.

6. குளியல்

இதில்தான் நம் பழக்கமும் அவர்கள் பழக்கமும் நேருக்கு நேர் மோதுகின்றன. தொட்டி, அழுக்குப் போகக் குளிக்கும் இடம் கிடையாது. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நீரில்தான் ஒருவர் பின் ஒருவராக உட்காருவார்கள். வரிசை இப்படி:

உடையை வெளி அறையில் கழற்றி வையுங்கள். உள்ளே போய்த் தொட்டிக்கு வெளியே உள்ள சிறு முக்காலியில் உட்கார்ந்து, ஷவரால் தலை முதல் கால் வரை சோப்பு போட்டுக் கழுவுங்கள். நுரை ஒரு துளியும் உடம்பில் இருக்கக் கூடாது. முடி நீளமாக இருந்தால் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு தொட்டியில் இறங்குங்கள். நீர் 40 முதல் 42 டிகிரி. நமக்கு முதலில் சுடும். மெதுவாக இறங்குங்கள், ஐந்து பத்து நிமிடம் போதும். துண்டை நீரில் நனைக்காதீர்கள். வெளியே வந்ததும் மிதக்கும் முடியை எடுத்துவிட்டு, மூடியைப் போட்டு மூடுங்கள்.

அடைப்பானைப் பிடுங்காதீர்கள். அழுக்குத் தண்ணீரை விட்டுவைப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து நம் பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியம் இது. பின்னால் மூன்று பேர் காத்திருப்பார்கள். மறுநாள் அந்த நீரையே சலவை எந்திரத்துக்கு எடுக்கும் வீடுகளும் உண்டு.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை இந்தத் தொட்டியோடு சேர்க்கவே கூடாது. எண்ணெய் நீரில் படலமாக மிதக்கும். தலைக்கு எண்ணெய் வைத்தே ஆக வேண்டும் என்றால், அன்று ஷவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவில் எண்ணெய்த் தலையோடு படுப்பதானால் தலையணை மேல் பழைய துண்டு ஒன்று.

காலையில் குளிக்கும் வழக்கமும் அங்கே பெரும்பாலும் இல்லை, இரவில்தான். தினமும் இரண்டு முறை அரைமணி நேரம் ஷவரைத் திறந்து வைத்தால் எரிவாயுக் கட்டணம் ஏறும். பல திட்டங்களில் ஹோஸ்ட் குடும்பங்கள் கூலி வாங்காமல் நம்மை வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கட்டணம் அவர்கள் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது.

7. சாப்பாடு

சைவம் என்று விண்ணப்பத்தில் எழுதினால் மட்டும் போதாது. அங்கே பலருக்கு அந்தச் சொல் 'இறைச்சி வேண்டாம்' என்றுதான் புரியும். மீன் சரி என்று நினைப்பார்கள். மிசோ சூப்பிலும் குழம்புகளிலும் அடிப்படையான தாஷி என்னும் சாறு பெரும்பாலும் காய்ந்த போனிட்டோ மீனிலிருந்து எடுப்பது. கொம்பு என்ற கடற்பாசியில் எடுக்கும் தாஷியும் உண்டு. அதைக் கேட்டால் சைவம் கிடைக்கும். கடையில் விற்கும் கறிக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு சேர்ந்திருப்பது சாதாரணம். ஆகவே எது கூடாது என்பதைப் பட்டியலாக எழுதி அனுப்புங்கள்: மாடு, பன்றி, கோழி, மீன், மீன் சாறு, முட்டை, ஜெலட்டின் என்று ஒவ்வொன்றாக. எதில் விட்டுக்கொடுப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். மீன் சாறு பரவாயில்லை என்று ஒரே ஒரு தளர்வு கொடுத்தாலும் சமைப்பவருக்குப் பெரிய பாரம் குறையும். கொடுக்க முடியாது என்றால் அதையும் முதல் நாளுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தட்டைப் பார்த்த பிறகு சொல்வது இருவருக்கும் வேதனை.

மேசையில் ஒரு விஷயம் நம் கைக்கு வராது. சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் எடுத்து, விரல்களை அடியிலும் கட்டைவிரலை விளிம்பிலும் வைத்து, மார்பு உயரத்துக்குத் தூக்கிச் சாப்பிட வேண்டும். இடது கையைச் சாப்பாட்டிலிருந்து விலக்கியே வளர்ந்த நமக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் கிண்ணத்தை மேசையில் வைத்துக் குனிந்து உண்பதுதான் அங்கே அநாகரிகம். சாப்பிடும் குச்சியைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள். இரண்டும் சாவுச் சடங்கை நினைவூட்டுபவை. கிண்ணத்தில் ஒரு பருக்கையும் மிச்சம் வேண்டாம்.

மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் மதிய உணவு கிடையாது. வீட்டிலிருந்து பென்தோ டப்பா. மாலை வந்ததும் முதல் வேலை அதை எடுத்துக் கழுவி வைப்பது. பையிலேயே மறந்துவிட்டால் மறுநாள் காலை 6 மணிக்கு ஹோஸ்ட் அம்மா அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

நீங்கள் சமைத்துப் போட விரும்பினால் இரண்டு தொல்லைகளைத் தெரிந்து வையுங்கள். 2008-க்குப் பின் வந்த எரிவாயு அடுப்புகளில் வெப்ப உணரி உண்டு. கடாய் மிக அதிகமாகக் காய்ந்தால் தீ தானாகக் குறையும், சில நேரம் அணையும். தாளிக்கும்போது அடுப்பு கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். எண்ணெய் காய்ந்த உடனே கடுகைப் போட்டுவிடுங்கள். இண்டக்ஷன் அடுப்பாக இருந்தால் அலுமினியப் பாத்திரம் சூடேறாது. மஞ்சள்தூள் வெள்ளைப் பலகையிலும் பிளாஸ்டிக் கரண்டியிலும் பிடித்தால் போகவே போகாது. நூறு யென் கடையில் வரியோடு 110 யென்னுக்கு ஒரு தனிக் கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

8. பள்ளி

ஒரு பாடவேளை பெரும்பாலும் 50 நிமிடம். உள்ளே போடத் தனிக் காலணி, வாசலில் ஆளுக்கொரு காலணிப் பெட்டி. பாடம் முடிந்ததும் மாணவர்களே வகுப்பறையைத் துடைப்பார்கள். துடைப்பத்தை நீங்களாகவே எடுங்கள்.

சீருடைக்குப் புதிதாகப் பணம் கொட்டுமுன், பழைய மாணவர்களுடையது இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். மூக்குத்தி, தோடு, மருதாணி ஆகியவற்றைப் பல பள்ளிகள் ஏற்பதில்லை. கழற்ற முடியாத காரணம் இருந்தால் திட்ட அமைப்பு வழியாக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். துளை மூடிவிடும் என்ற கவலை மட்டும்தான் என்றால், நிறமில்லாத பிளாஸ்டிக் குச்சிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

போகுமுன் ஹிராகானா, கதாகானா இரண்டையும் எழுதப் பழகிவிடுங்கள். தலா 46 எழுத்து, ஒரு மாத வேலை. இலக்கணத்தில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதை அதே வரிசையில் 'வாதாஷி வா கக்கோ நி இகிமாஸ்' என்று சொல்லலாம்; நம் 'கு' நிற்கும் இடத்தில் அவர்களின் 'நி' நிற்கும். வினை கடைசியில். ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்து யோசிப்பதை விட்டுவிடுங்கள்.

ஜப்பானிய இலக்கியம், வரலாறு வகுப்புகள் முதலில் புரியாது. அந்த வேளையில் நூலகத்தில் மொழி படிக்கலாமா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கணக்கு, ஆங்கிலம், தூரிகை எழுத்து, உடற்கல்வி, மனையியல் வகுப்புகளில் முழுமையாக உட்காருங்கள்.

விளையாட்டு, இசை போன்றவற்றுக்கான பள்ளி மன்றம் ஒன்றில் கட்டாயம் சேருங்கள். நண்பர்கள் கிடைப்பது அங்கேதான். ஆனால் சேருமுன் வாரத்தில் எத்தனை நாள், விடுமுறையிலும் பயிற்சி உண்டா, கருவிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். விளையாட்டு மன்றங்கள் சில வாரம் ஆறு நாள் நடக்கும். சேர்ந்துவிட்டு நடுவில் விலகுவது அங்கே நல்ல பேர் வாங்கித் தராது.

9. போக்குவரத்து

ரயில் என்றால் மாணவர் மாதப் பயண அட்டை: 1, 3, 6 மாதத்துக்கு உண்டு. பள்ளி தரும் சான்றோடு நிலையத்தில் வாங்க வேண்டும். ரயில் தாமதமானால் நிலையத்தில் தாமதச் சான்று தருவார்கள். அதைக் காட்டினால் பள்ளியில் தாமதக் கணக்கு வராது.

சைக்கிள் இடப்பக்கம்தான், நம் ஊர் மாதிரியே. ஆனால் பின்னால் ஆளை ஏற்றுவது, குடை பிடித்து ஓட்டுவது, போனைப் பார்ப்பது எல்லாம் குற்றம். 2026 ஏப்ரல் முதல் 16 வயது நிரம்பிய சைக்கிள்காரர்களுக்கும் அபராதச் சீட்டு உண்டு. போனைக் கையில் பிடித்து ஓட்டினால் 12,000 யென்.

10. பணமும் போனும்

திட்டக் கட்டணத்துக்கு வெளியே என்னென்ன வரும் என்று எழுதிக் கேளுங்கள்: சீருடை, பயண அட்டை, மன்றக் கருவி, போன், பள்ளிச் சுற்றுலா. கடைசியாகச் சொன்னதுதான் பெரியது. பல பத்தாயிரம் யென் ஆகும். கைச்செலவுக்கு மாதம் 10,000 முதல் 20,000 யென் இருந்தால் ஒரு மாணவர் நெருக்கடியில்லாமல் இருக்கலாம். பகுதிநேர வேலை என்ற யோசனையே வேண்டாம்; மாணவர் விசாவில் தனி அனுமதி தேவை, பரிமாற்றத் திட்டங்களும் பொதுவாக விடுவதில்லை.

இந்திய அட்டையில் பணம் எடுக்க செவன்-இலெவன் கடையில் உள்ள ஏடிஎம் நம்பகமானது. வங்கியின் ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும் என்பதால் அந்த சிம்மை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். அங்கே எல்லோரும் செய்தி அனுப்புவது லைன் செயலியில்தான். கிளம்புமுன் இந்திய எண்ணிலேயே பதிவு செய்துவிடுங்கள். குரல் அழைப்பு சிம் வாங்க 18 வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதல் கேட்பார்கள், டேட்டா சிம் சுலபம்.

ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே மாலை 5:30. அம்மாவோடு தினமும் இரண்டு மணி நேரம் பேசினால் ஹோஸ்ட் குடும்பத்தோடு உட்காரும் நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். வாரத்துக்கு ஒன்று இரண்டு நாள் என்று பெற்றோரே முடிவு செய்யுங்கள்.

11. சொல்லாமல் சொல்வது

ஹோஸ்ட் அம்மா உங்களிடம் நேரடியாகக் குறை சொல்வது அரிது. 'சொத்தோ...' ('கொஞ்சம்...') என்று இழுத்து நிறுத்தினால் அது 'வேண்டாம்' என்று பொருள். நம் பக்கமும் ஒரு குழப்பம் உண்டு: 'சரி' என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம், அங்கே அது மறுப்பாகவோ தயக்கமாகவோ படும். மேலும் கீழும் அசைத்து 'ஹாய்' (ஆம்) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சாப்பாடு வேண்டுமா என்று கேட்கும்போது மரியாதைக்கு 'தைஜோபு' (பரவாயில்லை) என்றால், வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நம் வீட்டைப் போல மூன்றாம் தடவையும் கேட்டுப் பரிமாறுவார்கள் என்று காத்திருந்தால் பசியோடு படுக்க வேண்டியதுதான்.

வாரம் ஒருமுறை, 'நான் மாற்றிக்கொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?' என்று நீங்களே கேளுங்கள். வீட்டுக்கு வர 15 நிமிடம் தாமதமானாலும் லைனில் ஒரு வரி அனுப்புங்கள். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றால் காலையிலேயே சொல்லுங்கள்.

12. நிலநடுக்கம்

போன் திடீரென அலறினால் மேசைக்கு அடியில் போய் மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெளியே ஓடாதீர்கள். ஒதுங்கும் இடம் எது என்று முதல் வாரமே நடந்து பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் பக்கத்துப் பள்ளிதான். போலீஸ் 110, தீயணைப்பும் ஆம்புலன்ஸும் 119. பேரிடரில் குடும்பத்துக்குக் குரல் பதிவு விட 171.

13. திரும்பும் மாதம்

கிளம்பும் நாளுக்கு முந்தைய 14 நாளுக்குள் நகராட்சியில் வெளியேறும் அறிவிப்பு கொடுத்து, மருத்துவக் காப்பீட்டுக் கணக்கையும் தீர்த்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, சிம் இருந்தால் அதற்கு முன்பே மூட வேண்டும். வெளிநாட்டிலிருந்து மூடுவது பெரிய பாடு. பள்ளியில் வருகைச் சான்றையும் மதிப்பெண் தாளையும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதால் ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். 1-ஆம் பகுதியில் சொன்ன தலைமையாசிரியர் கடிதத்தோடு இதையும் சேர்த்துத்தான் இங்கே காட்ட வேண்டியிருக்கும். குடியிருப்பு அட்டையை விமான நிலையக் குடிவரவுக் கவுன்டரில் திருப்பிக் கொடுங்கள். அறையைக் காலி செய்யும்போது ஃபுட்டோனை ஒருநாள் வெயிலில் போட்டு, தட்டி, மடித்து வைத்துவிட்டு வாருங்கள்.